வெண்டை, கத்தரியில் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு எலுமிச்சைப்புல் தைலம், கிராம்புத் தைலம் தெளிக்கலாமா?

வெண்டைத்தோட்டம் (ஒட்டன்சத்திரம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் அருகே ஒரு ஏக்கர் நிலத்தில் பாதி வெண்டை, பாதி கத்தரி எனக் கிணற்றுப் பாசனத்தில் பயிர் செய்து வருகிறேன். வெண்டையில் தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் தொடர்ந்து இருக்கின்றன. கோடை தொடங்கியதும் மஞ்சள் நரம்புத் தேமலும் சேர்ந்துகொள்கிறது. கத்தரியில் வழக்கம்போலத் தண்டு மற்றும் காய்த்துளைப்பான்தான் பெரிய தொல்லை.

வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். தவறினால் காய் முற்றி நார் ஏறிவிடும், சந்தையில் எடுக்க மாட்டார்கள். ஆனால் பூச்சிமருந்துப் புட்டிகளில் அச்சிட்டிருக்கும் காத்திருப்புக் காலத்தைக் காய்ப்புப் பருவத்தில் கடைப்பிடிக்க இந்தப் பறிப்பு இடம் தருவதில்லை. மருந்து அடித்த மறுநாளே பறித்து விற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் காயைத்தான் என் பிள்ளைகளும் உண்கிறார்கள். ஆகவே காய்ப்பு தொடங்கிய பிறகு வேப்பெண்ணெயோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அண்மையில் ஓர் இடுபொருள் கடையில், எலுமிச்சைப்புல், கிராம்பு, யூகலிப்டஸ் முதலிய தைலங்களின் கலவை என்று சொல்லி ஒரு புட்டியைக் காட்டினார்கள். எல்லாப் பூச்சிகளுக்கும் அதுவே போதும், காய்த்துளைப்பானும் சாகும் என்றார்கள். புட்டியின் மேல் எந்தத் தைலம் எத்தனை விழுக்காடு என்ற விவரம் இல்லை. இத்தகைய தைலங்கள் உண்மையில் பூச்சியைக் கட்டுப்படுத்துமா, எந்தப் பூச்சியை, என்ன அளவில் என்பதை அனுபவமுள்ளவர்களும் படித்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பூச்சியியல் மாணவி (கோவை) எழுதியது:

வணக்கம் ஐயா. உங்கள் கேள்வியில் வேப்பெண்ணெயும் இந்தத் தைலங்களும் சேர்ந்து வருவதால் முதலில் அவற்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வேப்பெண்ணெய், புங்கெண்ணெய், இலுப்பை எண்ணெய் ஆகியவை விதையை ஆட்டி எடுக்கும் கெட்டியான எண்ணெய்கள். இலையில் படிந்தால் அங்கேயே தங்கும். வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின், புழு தின்பதைத் தடுத்து, தோலுரித்து வளர்வதையும் குலைக்கிறது. அதன் வேலை மெதுவானது. எலுமிச்சைப்புல், கிராம்பு, ஓமம், யூகலிப்டஸ் தைலங்களோ நீராவியால் வடித்தெடுக்கப்படுபவை. அவற்றின் மூலக்கூறுகள் சிறியவை. காற்றுப் பட்டால் பறந்துவிடும். இந்தத் தைலங்களின் நன்மை, குறை இரண்டும் இந்த ஆவியாகும் குணத்திலிருந்துதான் வருகின்றன.

எலுமிச்சைப்புல் தைலத்தில் பெரும்பகுதி சிட்ரால். நல்ல தைலத்தில் 70 முதல் 80 விழுக்காடு வரை இருக்கும். கிராம்புத் தைலத்தில் யூஜினால், ஓமத் தைலத்தில் தைமால், யூகலிப்டஸ் தைலத்தில் சினியோல் ஆகியவை முதன்மையானவை. இவை பூச்சியின் உடல் மேல் பட்டால் மேல்தோலின் மெழுகைக் கரைத்து உள்ளே புகுகின்றன. யூஜினால் போன்ற சில பொருள்கள், பூச்சிகளின் நரம்பு மண்டலத்தில் முக்கியப் பங்கு வகிக்கும் ஆக்டோபமின் என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளைத் தாக்குகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தைமால் வேறொரு நரம்பு ஏற்பியைத் தாக்குகிறது. பாலூட்டிகளின் உடலில் ஆக்டோபமினுக்கு அத்தகைய பெரிய பங்கு இல்லை என்பது, இவை மனிதருக்கு ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தவையாக இருப்பதற்கு ஒரு காரணம். அமெரிக்காவில் கிராம்பு, எலுமிச்சைப்புல், சிட்ரோனெல்லா, ரோஸ்மேரி, தைம் முதலிய தைலங்களைக் குறைந்த அபாயமுள்ள பொருள்கள் என்று வகைப்படுத்தி, 1996 முதல் பதிவு நடைமுறையிலிருந்தே விலக்கு அளித்துள்ளார்கள்.

இனி எந்தப் பூச்சிக்கு என்பதைப் பார்ப்போம். உடல் மென்மையாகவும் சிறியதாகவும் இருந்து, இலையின் மேல் வெளிப்படையாக உட்கார்ந்திருக்கும் பூச்சிகளிடம்தான் இவை நன்றாக வேலை செய்கின்றன: அசுவினி, வெள்ளை ஈயின் இளம் பருவங்கள், இலைப்பேன், சிவப்புச் சிலந்தி, முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த சிறு புழுக்கள். வளர்ந்த வெள்ளை ஈயும் தத்துப்பூச்சியும் தெளிப்பின் அசைவுக்கே பறந்துவிடுவதால் சாவது குறைவு. ஆனால் வாசனை இருக்கும்வரை அவை இலையில் அமர்வதும் முட்டையிடுவதும் குறைகின்றன. மஞ்சள் நரம்புத் தேமலைப் பரப்புவது வெள்ளை ஈ என்பதால் இந்த விரட்டும் குணத்துக்கு மதிப்பு உண்டு. ஆயினும் நோய் தாங்கிய ஈக்கள் சிலவே போதும், வயல் முழுவதும் நோய் பரவிவிடும். தேமலைப் பொறுத்தவரை, நோய் தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுப்பதும், நோய்ச் செடியைக் கண்டவுடன் பிடுங்கி அழிப்பதும் எந்தத் தெளிப்பையும்விட அதிகம் பயன் தரும்.

கத்தரிக் காய்த்துளைப்பான் சாகும் என்று கடையில் சொன்னதை நம்ப வேண்டாம் ஐயா. அதன் தாய் அந்து இரவில் வந்து இலையின் அடிப்பக்கத்திலும் குருத்திலும் மொட்டிலும் முட்டைகளைத் தனித்தனியாக இடுகிறது. முட்டை பொரிந்த சில மணி நேரத்துக்குள் புழு குருத்தையோ காயையோ துளைத்து உள்ளே போய், துளையைத் தன் கழிவால் அடைத்துக்கொள்கிறது. அதன் பிறகு வெளியே தெளிக்கும் எந்தத் தைலமும் அதன் மேல் படாது. புழு வெளியே இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் தைலம் இலையில் இருந்தாக வேண்டும்; தைலமோ ஒரு நாளிலேயே பெரும்பாலும் பறந்துவிடும். ஆகவே வாடிய குருத்துகளை வாரந்தோறும் புழுவோடு கிள்ளி அழிப்பது, சொத்தைக் காய்களை வரப்பில் போடாமல் அகற்றுவது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது ஆகியவற்றுக்கு மாற்றாகத் தைலத்தை நினைக்கக் கூடாது. பக்கத்துத் தோட்டங்களும் சேர்ந்து இதைச் செய்தால் பலன் பன்மடங்கு கூடும்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. பூச்சியின் மெழுகைக் கரைக்கும் பொருள் இலையின் மெழுகையும் கரைக்கும். கிராம்புத் தைலம் அடர்த்தி கூடும்போது களைக்கொல்லியாகவே விற்கப்படுகிறது. எனவே "கொஞ்சம் கூட ஊற்றினால் நன்றாகக் கேட்கும்" என்ற எண்ணம் இங்கே பயிரைக் கருக்கிவிடும்.

மலைக்காட்டு உழவர் (தாளவாடி) எழுதியது:

கோவைத் தங்கை எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். நான் முட்டைக்கோசும் பீன்சும் பயிரிடுகிறேன். எலுமிச்சைப்புல்லை வரப்பில் நட்டிருக்கிறேன். ஆனால் தைலத்தை வடிப்பவர்களிடமிருந்து விலைக்குத்தான் வாங்குகிறேன். பீன்சில் அசுவினிக்கும் சிலந்திக்கும் இது எனக்குப் பயன்பட்டு வருகிறது. முட்டைக்கோசில் வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. அங்கே பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் நுண்ணுயிர் மருந்தும் வேப்பங்கொட்டைக் கரைசலும்தான் எனக்குத் துணை.

செய்முறையில் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். தைலம் தண்ணீரில் கரையாது. நேராக டேங்கில் ஊற்றினால் மேலே மிதந்து, தெளிப்பின் தொடக்கத்தில் வெறும் தண்ணீரும் கடைசியில் கெட்டியான தைலமும் வரும். கடைசி வரிசைச் செடிகள் கருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எனவே தேவையான தைலத்தை ஒரு சிறு பாத்திரத்தில் எடுத்து, அதே அளவோ சற்றுக் கூடுதலாகவோ காதி சோப்புக் கரைசலையோ பூந்திக்கொட்டைச் சாற்றையோ சேர்த்து, பால்போல் வெளுக்கும்வரை நன்றாக அடிக்க வேண்டும். அதன்பின் ஒரு லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கி, பிறகே டேங்கில் சேர்க்க வேண்டும். துணி துவைக்கும் சோப்புத்தூளைப் பயன்படுத்த வேண்டாம். அதிலுள்ள காரமே இலையைக் கெடுக்கும். உப்புத் தண்ணீர்க் கிணறாக இருந்தால் சோப்பு திரிந்து தைலம் பிரிந்துவிடும். அத்தகைய இடத்தில் தொட்டியில் சேர்த்த மழைநீரோ, பால்மமாக்கவென்றே விற்கும் திரவமோ வேண்டும். தெளிக்கும்போது இடையிடையே டேங்கைக் குலுக்கிக்கொண்டே இருங்கள்.

அளவைப் பொறுத்தவரை, லிட்டருக்கு 2 மில்லியில் தொடங்குங்கள். பத்து லிட்டர் டேங்குக்கு 20 மில்லி. முதலில் ஓரத்திலுள்ள சில செடிகளுக்கு மட்டும் தெளித்து, இரண்டு நாள் கழித்து இளம் இலையின் ஓரம் கருகியிருக்கிறதா, பூ உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழுதில்லை என்றால் 3 மில்லிக்குப் போகலாம். 5 மில்லிக்கு மேல் நான் எந்தப் பயிரிலும் போனதில்லை. கிராம்புத் தைலமென்றால் அந்த அளவுக்கும் போக மாட்டேன். நாற்றுக்கும், தண்ணீர் காணாமல் வாடி நிற்கும் செடிக்கும் தெளிக்கவே கூடாது. கந்தகம் தெளித்த வயலில் இரண்டு வாரம் வரை எந்த எண்ணெயையும் தெளிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இலை கருகும்.

வெயில் சாய்ந்த பிறகு தெளியுங்கள். காலையில் தெளித்தால் பத்து மணி வெயிலிலேயே தைலம் பறந்துவிடும், தேனீக்கள் வரும் நேரமும் அதுவே. பூச்சி இருப்பது இலையின் அடியில் என்பதால், தெளிப்பான் முனையைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்து அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும். இதில் மேலோட்டமாகத் தெளித்தால் தைலம், உழைப்பு இரண்டும் வீண். ஏனெனில் இது செடிக்குள் ஊடுருவிப் பரவும் மருந்தன்று, பட்ட இடத்தில் மட்டுமே வேலை செய்வது.

வெண்டைத்தோட்டம் (ஒட்டன்சத்திரம்) எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. ஒரு நாளில் பறந்துவிடும் என்றால் எத்தனை முறை தெளிக்க வேண்டியிருக்கும், ஏக்கருக்கு என்ன செலவாகும்? அடுத்து, அந்தக் கடைப் புட்டியைப் போன்ற ஆயத்தக் கலவைகளை வாங்குவது நல்லதா, தனித் தைலத்தை வாங்கி நாமே கலப்பது நல்லதா?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் (மதுரை) எழுதியது:

தம்பி, செலவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. காய்ப்பில் உள்ள வெண்டைக்கு ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தெளிநீர் தேவை. லிட்டருக்கு 3 மில்லி என்றால் ஒரு தெளிப்புக்கு 600 மில்லி தைலம். எலுமிச்சைப்புல் தைலம் தரத்தையும் பருவத்தையும் பொறுத்துக் கிலோ ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு முறைக்குத் தைலம் மட்டும் 600 ரூபாய் அளவில் வரும். கிராம்புத் தைலத்தின் விலை இதைவிடக் கூடுதல். பூச்சி மிகுந்திருக்கும் காலத்தில் நான்கைந்து நாளுக்கு ஒரு முறையாவது தெளிக்க வேண்டும். காய்ப்புக் காலம் முழுவதும் அப்படிச் செய்தால் சிறு உழவருக்குத் தாங்காது, தெளிப்புக் கூலி வேறு. இதனோடு ஒப்பிட்டால், 5 விழுக்காடு வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ வேப்பம்பருப்பு போதும். இடித்துத் துணியில் முடிந்து இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சோப்புக் கரைசல் சேர்த்து 200 லிட்டராக்கிக்கொள்ளலாம். கோடையில் வேப்பம்பழம் உதிரும்போதே கொட்டையைச் சேகரித்து நிழலில் உலர்த்தி வைத்தால் அந்தச் செலவும் குறையும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது, அடித்தளமாக வேப்பங்கொட்டைக் கரைசலைப் பத்து நாளுக்கு ஒரு முறை வைத்துக்கொண்டு, மஞ்சள் ஒட்டுப்பொறியில் பூச்சி திடீரெனக் கூடுவதைக் காணும்போது மட்டும், அதுவும் கூடியிருக்கும் பகுதியில் மட்டும், தைலத்தைப் பயன்படுத்துவதே. அசுவினி எப்போதும் வயல் முழுவதும் ஒரே நாளில் வருவதில்லை. ஓரத்தில் சில செடிகளில் தொடங்கும். அந்த நேரத்தில் ஒரு டேங்க் தைலக் கரைசல் வேலையை முடித்துவிடும். வயலைச் சுற்றி மக்காச்சோளம் இரண்டு வரிசை நெருக்கமாக விதைத்திருந்தால் வெளியிலிருந்து வரும் வெள்ளை ஈயும் குறையும்.

கடைப் புட்டியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் பூச்சிக்கொல்லி என்று எதை விற்றாலும் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். தாவரத்திலிருந்து எடுத்தது என்பதால் விலக்கு கிடையாது. அமெரிக்காவிலுள்ள விலக்கை நம் ஊர் விற்பனையாளர் எடுத்துக்காட்டினால் அது இங்கே செல்லாது. புட்டியில் பதிவு எண், செயல்படும் பொருளின் பெயர், அதன் விழுக்காடு, காலாவதி நாள் ஆகியவை இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் "மூலிகை" என்று மட்டும் எழுதியிருக்கும் புட்டிகளில் இரசாயனப் பூச்சிக்கொல்லியைக் கலந்து விற்கும் வழக்கம் இருக்கிறது. தைலம் ஒன்றே எல்லாப் பூச்சிகளையும் ஒரே நாளில் கொன்றுவிட்டது என்று யாராவது சொன்னால், எனக்கு முதலில் எழும் ஐயம் அதுவே. நஞ்சில்லாத காயைத் தர வேண்டும் என்ற எண்ணத்தில் வாங்கும் நீங்கள், பெயர் தெரியாத நஞ்சைத் தெளித்து மறுநாள் பறிக்க நேரிட்டால் அதைவிடக் கொடுமை இல்லை. அந்தப் புட்டியை வாங்காதீர்கள். உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் தெரிவியுங்கள்.

தனித் தைலம் வாங்கும்போதும், விற்பவரிடம் சிட்ரால் அளவைக் காட்டும் பகுப்பாய்வுச் சான்றைக் கேளுங்கள். வாங்கிய தைலத்தை அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி, நிழலில் வையுங்கள். காற்றும் ஒளியும் பட்டால் தைலம் பழுதாகும், அப்படிப் பழுதானது தோலை அதிகமாக அரிக்கும். கலக்கும்போது கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்கிறீர்கள். யூகலிப்டஸ் தைலத்தைச் சில மில்லி விழுங்கினாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம். இயற்கைப் பொருள் என்பதால் அடுக்களை அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

பூச்சியியல் மாணவி (கோவை) எழுதியது:

ஐயா சொன்னதோடு கலவை குறித்து ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரே தனிப்பொருளைவிடப் பல பொருள்கள் கலந்த முழுத் தைலம் சில சமயம் கூடுதலாக வேலை செய்கிறது. பூச்சி அதற்கு எதிர்ப்புத்திறன் பெறுவதும் தாமதமாகிறது. வேம்பில் இது சோதித்துக் காட்டப்பட்டிருக்கிறது: ஃபெங், இஸ்மன் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், தூய அசாடிராக்டினுக்குத் தொடர்ந்து உட்பட்ட அசுவினிக் கூட்டம் 40 தலைமுறையில் ஒன்பது மடங்கு எதிர்ப்புத்திறன் பெற்றது, முழு வேப்பங்கொட்டைச் சாற்றுக்கு உட்பட்ட கூட்டம் அப்படிப் பெறவில்லை. எனவே விலை உயர்ந்த தூய சிட்ராலையோ யூஜினாலையோ தேட வேண்டிய தேவை இல்லை. முழுத் தைலமே போதும்.

வசம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பயறு வகைகளை வண்டிலிருந்து காக்க நம் வீடுகளில் வசம்பு போடுவது பழைய வழக்கம். அதனால் வசம்புத் தைலத்தையும் காய்கறியில் தெளிக்கலாமே என்று சிலர் எண்ணுகிறார்கள். அதிலுள்ள பீட்டா அசரோன் எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், அமெரிக்காவில் 1968லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை செய்தார்கள். மறுநாள் பறித்து உண்ணும் காயில் அதைத் தெளிக்க வேண்டாம். விதைக்கென்று ஒதுக்கிய பயற்றில் பயன்படுத்துவது வேறு.

பந்தல் காய்கறி (ஆண்டிப்பட்டி) எழுதியது:

பாகலும் புடலையும் போட்டிருப்பவன் என்ற முறையில் ஒரு கேள்வி. துளசித் தைலத்தைப் பஞ்சில் நனைத்துப் புட்டியில் தொங்கவிட்டால் பழ ஈ வந்து விழும் என்று கேள்விப்பட்டுச் செய்து பார்த்தேன். மாமரத்தடியில் வைத்ததில் ஈக்கள் நிறைய விழுந்தன. பந்தலில் வைத்ததில் ஏதும் விழவில்லை. ஏன் இப்படி?

பூச்சியியல் மாணவி (கோவை) எழுதியது:

நீங்கள் கண்டது முற்றிலும் சரி அண்ணா. சில துளசி வகைகளின் தைலத்தில் மெத்தில் யூஜினால் இருக்கிறது. மாம்பழ ஈயின் ஆண்களை அது வெகு தொலைவிலிருந்து இழுக்கும். பாகல், புடலை, பீர்க்கனைத் தாக்கும் ஈ வேறு இனம். அதன் ஆண் மெத்தில் யூஜினாலுக்கு வருவதில்லை, கியூலூர் என்ற கவர்ச்சிப்பொருளுக்குத்தான் வரும். பந்தலில் கியூலூர் பொறியை வையுங்கள். பொறி ஆண் ஈயை மட்டுமே பிடிக்கும் என்பதால், சொத்தைப் பிஞ்சுகளை நாள்தோறும் பொறுக்கி ஆழக் குழியில் புதைப்பதையும், பந்தலடி மண்ணைக் கொத்திவிட்டுக் கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைகளுக்கும் காட்டுவதையும் விடக் கூடாது.

வெண்டைத்தோட்டம் (ஒட்டன்சத்திரம்) எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அந்தப் புட்டியை வாங்கப் போவதில்லை. வேப்பங்கொட்டைக் கரைசலோடு ஓரச் செடிகளில் எலுமிச்சைப்புல் தைலத்தைச் சோதிக்கப் போகிறேன். கடைசியாக ஒன்று: என் வெண்டையில் பொறிவண்டுகள் நிறைய இருக்கின்றன, கத்தரியில் ஒட்டுண்ணி அட்டை (பூச்சியின் முட்டைகளை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற சிறு குளவியைத் தாங்கிய காகித அட்டை) கட்டலாம் என்றும் எண்ணியிருக்கிறேன். தைலம் இவற்றைக் கொல்லாதா? தெளித்தபின் பறிப்பதற்கு எவ்வளவு இடைவெளி வேண்டும்?

பூச்சியியல் மாணவி (கோவை) எழுதியது:

நேரடியாகப் பட்டால் பொறிவண்டின் புழுவும் சாகும் ஐயா; நன்மை செய்யும் பூச்சி, தீமை செய்யும் பூச்சி என்ற வேறுபாடு தைலத்துக்குத் தெரியாது. ஆனால் நஞ்சு இலையில் பல நாள் தங்குவதில்லை என்பதால், தெளிக்காத பகுதியிலிருந்து அவை மீண்டும் வந்து சேர முடியும். மதுரை ஐயா சொன்னபடி பகுதி பகுதியாகத் தெளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அசுவினி உள்ள செடியில் பொறிவண்டுப் புழுக்களும் போதிய அளவில் இருந்தால் அந்தச் செடியைத் தெளிக்காமல் விட்டுவிடுங்கள். டிரைக்கோகிரம்மா அட்டையைத் தைலம் தெளித்து இரண்டு நாளாவது கழிந்த பிறகு கட்டுங்கள். கட்டியபின் ஒரு வாரம் அந்தப் பாத்தியில் தெளிக்க வேண்டாம். பறிப்பைப் பொறுத்தவரை, காயைப் பறித்த அன்று மாலையில் தெளித்தால் அடுத்த பறிப்புக்கு ஒரு முழு நாளுக்கு மேல் இடைவெளி கிடைக்கும். எலுமிச்சைப்புல் வாசனை அதற்குள் பெரும்பாலும் போய்விடும். கிராம்பு வாசனை காயில் சற்று நீடிக்கும் என்பதால் வெண்டைக்கு எலுமிச்சைப்புல்லையே வைத்துக்கொண்டு, கிராம்புத் தைலத்தைக் காய்ப்புக்கு முந்தைய பருவத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.